எழுபத்திரண்டு ராகங்களுக்கு எத்தனை கட்டம்?

மார்கழி வந்துவிட்டால் டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி, நாரத கான சபா, தி. நகரில் வாணி மகால், கிருஷ்ண கான சபா, மயிலாப்பூருக்குள் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் என்று எங்கே பார்த்தாலும் கச்சேரிதான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அன்று முதல் இந்த ஊரின் மேடைகளில் பாடப்பட்ட பாட்டுகளுக்குக் கணக்கே கிடையாது.

அந்தப் பாட்டுகளை எல்லாம் கணினியில் பதிந்து வைக்க ஆசைப்படுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். “காபி ராகத்தில் என்னென்ன பாட்டு இருக்கிறது?” என்று கேட்டால் சட்டென்று பதில் வர வேண்டும். “இந்தப் பாட்டு என்ன ராகம்?” என்று கேட்டாலும் வர வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கிறது. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாலே போதுமே என்று தோன்றும். எழுதித்தான் பார்ப்போமே.

மூன்று பத்தி போடுவோம்: பாட்டு, இயற்றியவர், ராகம். முதல் வரியில் “காபாலி”, பாபநாசம் சிவன், மோகனம். மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளைப் பஜனை பாடிக்கொண்டே சுற்றி வந்தவர் பாபநாசம் சிவன். கபாலீசுவரர் மேல் அவர் பாடிய பாட்டு அது. இரண்டாவது வரியில் “என்ன தவம் செய்தனை”. அதுவும் அவருடையதுதான், ராகம் காபி. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை.

மூன்றாவது வரியில் “குறை ஒன்றும் இல்லை” என்று எழுதுகிறோம். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி, தமிழ்நாட்டில் கேட்காத வீடே இல்லை என்று ஆன பாட்டு. எழுதியவர் ராஜாஜி. ராகம்? அடுத்த முறை கேட்கும்போது கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சிவரஞ்சனியில் ஆரம்பிக்கும். நடுவில் காபிக்கு மாறும். கடைசியில் சிந்துபைரவிக்குப் போகும். ஒரே பாட்டில் மூன்று ராகம். இப்படிப்பட்ட பாட்டை ராகமாலிகை என்பார்கள். நம் நோட்டில் ராகத்துக்கு இருப்பதோ ஒரே ஒரு கட்டம்.

சரி, ஒரே கட்டத்தில் “சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி” என்று காற்புள்ளி போட்டு எழுதிவிடலாமா? முதன்முதலாகக் கணினியில் தகவல் சேகரிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். மனிதர் படிப்பதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் கணினியிடம் “பைரவி ராகப் பாட்டுகளைக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். அது கட்டத்துக்குள் “பைரவி” என்ற எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று தேடும். “சிந்துபைரவி”யின் வால் பகுதியைப் பார்த்ததும், “இதோ கிடைத்துவிட்டது!” என்று “குறை ஒன்றும் இல்லை”யைக் கொண்டுவந்து கொடுக்கும். பைரவி வேறு, சிந்துபைரவி வேறு, ஆனந்தபைரவி வேறு, நடபைரவி வேறு. கல்யாணியைத் தேடினால் பூர்விகல்யாணியும் மோகனகல்யாணியும் சேர்ந்து வரும். சங்கீதம் தெரிந்த யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கட்டத்தில் “காபி” என்று எழுதியிருப்பீர்கள். அடுத்த மாதம் உங்கள் தங்கை “காப்பி” என்று எழுதுவாள். கணினிக்கு அவை இரண்டு ராகங்கள். ஒரே பெயரை நூறு இடத்தில் எழுதினால் நூறு இடத்திலும் தப்பு வர வழி இருக்கிறது.

அப்படியானால் ராகம்-1, ராகம்-2, ராகம்-3 என்று மூன்று பத்தி போட்டுவிடலாமே? போடலாம். “பாவயாமி ரகுராமம்” வரும்வரைதான் அது தாங்கும்.

இந்தப் பாட்டின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இயற்றியவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். முழுப் பாட்டும் சாவேரி ராகத்தில்தான் இருந்தது. பிற்பாடு செம்மங்குடி சீனிவாச ஐயர் அதை ஏழு ராகங்களில் அமைத்தார்: சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்தியமாவதி. ராமாயணம் ஒவ்வொரு காண்டமாக நகர நகர ராகமும் மாறும். இன்று மேடைகளில் நாம் கேட்பது இந்த வடிவத்தைத்தான். தகவல் சேகரிக்கிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய காலத்தில் ஒருவர் “ஒரு பாட்டுக்கு ஒரு ராகம்” என்று நம்பி அட்டவணை போட்டிருந்தால், இந்தப் பாட்டைப் பொறுத்தவரை அது சரியாகவே இருந்திருக்கும். பிறகு உலகம் மாறியது. அட்டவணை அப்படியே நின்றுவிட்டது.

ஏழு பத்தி போட்டு இதையும் சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நிற்பவர் மகா வைத்தியநாத சிவன். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாபெரும் பாடகர். கர்நாடக இசையில் தாய் ராகங்களாக 72 மேளகர்த்தா ராகங்கள் உண்டு. முதலாவது கனகாங்கி, எழுபத்திரண்டாவது ரசிகப்பிரியா. அத்தனையையும் கோத்து அவர் ஒரே ராகமாலிகையாகச் செய்துவிட்டார்! எம்.எஸ். சுப்புலட்சுமி அதையும் பாடியிருக்கிறார். இந்த ஒரு பாட்டுக்காக 72 பத்தி போட்டால், “காபாலி” வரியில் ஒரு கட்டம் நிரம்பியிருக்கும், 71 கட்டம் காலியாகக் கிடக்கும். “மோகனப் பாட்டு எது?” என்று கேட்டால் கணினி 72 பத்தியிலும் தேட வேண்டும்.

பத்தியைக் கூட்டிக்கொண்டே போவது உதவாது என்று தெரிந்துவிட்டது. என்னதான் வழி?

வழி சொன்னவர் எட்கர் காட் என்ற ஆங்கிலேயர். கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1970-இல் அவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளம். 1981-இல் கணினித் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் சொன்னவற்றில் நமக்கு இப்போது வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும் இருக்கட்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

அதாவது, பாட்டுகளுக்கு ஓர் அட்டவணை. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண். ராகங்களுக்குத் தனி அட்டவணை. அதிலும் ஒவ்வொரு ராகத்துக்கும் ஓர் எண். பாட்டு அட்டவணையில் ராகம் என்ற பத்தியே கிடையாது! ராக அட்டவணையில் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் அட்டவணை இருக்கும். அதில் வெறும் எண்கள்தான்.

காபாலிக்கு 1, குறை ஒன்றும் இல்லைக்கு 2, என்ன தவம் செய்தனைக்கு 3 என்று எண் கொடுத்தாயிற்று. மோகனம் 11, சிவரஞ்சனி 12, காபி 13, சிந்துபைரவி 14. இப்போது நடு அட்டவணை இப்படி இருக்கும்:

பாட்டு 1 – ராகம் 11
பாட்டு 2 – ராகம் 12
பாட்டு 2 – ராகம் 13
பாட்டு 2 – ராகம் 14
பாட்டு 3 – ராகம் 13

ஒரு நிமிடம் இதை உற்றுப் பாருங்கள். இடது பக்கம் 2 என்ற எண்ணைத் தேடினால் மூன்று வரி கிடைக்கும். அவைதான் “குறை ஒன்றும் இல்லை”யின் ராகங்கள். வலது பக்கம் 13-ஐத் தேடினால் இரண்டு வரி கிடைக்கும். காபி ராகத்தில் நம்மிடம் இருக்கும் பாட்டுகள் அவை. ஒரே அட்டவணை, எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் பதில் சொல்கிறது. மகா வைத்தியநாத சிவனின் பாட்டு வந்தால் கீழே 72 வரி கூடும். அவ்வளவுதான், புதிதாக ஒரு பத்திகூட வேண்டாம். காபியை யாராவது தப்பாக எழுதியிருந்தால் ராக அட்டவணையில் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

ஒரு பாட்டுக்குப் பல ராகம், ஒரு ராகத்துக்குப் பல பாட்டு. இந்த மாதிரி உறவை மென்பொருள் எழுதுகிறவர்கள் ‘மெனி டு மெனி’ என்பார்கள். நாம் பல-பல உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி நிரல் எழுதும் பக்கத்துக்கு வருவோம். பைத்தான் மாதிரி ஒரு மொழியில் நிரல் எழுதும்போது, எண் 2, எண் 13 என்றெல்லாம் யோசிக்க யாருக்கும் பிடிக்காது. “இது ஒரு பாட்டு. இதன் ராகங்களைக் கொடு” என்று கேட்கத்தான் பிடிக்கும். நிரலில் பாட்டு என்பது ஒரு பொருள். அதற்குப் பெயர் உண்டு, இயற்றியவர் உண்டு, ராகங்கள் உண்டு. தரவுத்தளத்துக்கோ அட்டவணை, வரி, கட்டம் தவிர வேறெதுவும் தெரியாது. அதனிடம் எஸ்.கியூ.எல். என்ற தனி மொழியில் பேச வேண்டும். கம்பெனி காலத்துச் சென்னையில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் ஊர்க்காரருக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த துபாஷி ஒருவர் நின்றார் இல்லையா? அதே வேலையை இங்கே செய்வது ஓ.ஆர்.எம். என்ற மென்பொருள். பொருள்களின் மொழியில் நாம் பேசுவதை அது அட்டவணைகளின் மொழிக்கு மாற்றும். வந்த பதிலைத் திரும்பப் பொருள்களாக்கி நம்மிடம் கொடுக்கும்.

இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல இருக்கின்றன. ஜாவாவுக்கு ஹைபர்னேட், ரூபிக்கு ஆக்டிவ் ரெக்கார்ட், பைத்தானுக்கு எஸ்.கியூ.எல். ஆல்கெமி, ஜாங்கோ. இதில் ஜாங்கோ நமக்குப் பொருத்தமானது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவான மென்பொருள் அது; 2005-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ஒரு சங்கீதக்காரருடையது: ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞர். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தபிறகும், மிச்ச விரல்களால் உலகமே வியக்கும்படி வாசித்தவர் அவர்.

ஜாங்கோவில் “பாட்டு” என்ற வகுப்பை, அதாவது பாட்டுப் பொருள்களுக்கான அச்சை, எழுதி, அதில் “ராகங்கள்: பல-பல உறவு” என்று ஒரே வரி எழுதினால் போதும். நடு அட்டவணையை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பிறகு

குறை.ராகங்கள்.ஆட்(காபி)

என்று எழுதினால், நடு அட்டவணையில் “2 – 13” என்ற வரி விழும். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? ‘ஆட்’ போன்ற கட்டளைகள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். “ரிமூவ்” என்று சொன்னால் அந்த ஒரு வரி மட்டும் அழியும். பாட்டும் அழியாது, ராகமும் அழியாது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு மட்டும் போகும். மறுபக்கத்துக்குப் “பாட்டுகள்” என்று அதே வரியில் பெயர் கொடுத்திருந்தால், காபி ராகத்தின் பக்கத்திலிருந்து “காபி.பாட்டுகள்.ஆல்()” என்றும் கேட்கலாம். ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் திறந்துவிடும்.

பார்க்க மந்திரம் போல இருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நடு அட்டவணை கண்ணில் படாததால், அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? “குறை ஒன்றும் இல்லை”யின் ராகங்களைக் கேட்கிறீர்கள். பதில் வருகிறது: காபி, சிந்துபைரவி, சிவரஞ்சனி. மூன்றும் சரிதான். ஆனால் பாட்டு அந்த வரிசையிலா போகிறது? இன்ன வரிசையில் கொடு என்று நாம் சொல்லாவிட்டால், தரவுத்தளம் எந்த வரிசையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைக் குறை சொல்ல முடியாது. எது முதலில், எது பிறகு என்று நாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே! ராகமாலிகையில் வரிசைதான் உயிர். மாலையில் பூக்கள் இடம் மாறினால் அது வேறு மாலை.

இந்த வரிசை எண்ணை எங்கே எழுதுவது? பாட்டு அட்டவணையில் எழுத முடியாது. பாட்டு ஒன்று, வரிசை எண்கள் மூன்று. ராக அட்டவணையிலும் முடியாது. காபி இந்தப் பாட்டில் இரண்டாவதாக வருகிறது, “என்ன தவம் செய்தனை”யில் அது ஒன்றே ஒன்றுதான். ஆகவே வரிசை எண் பாட்டுக்கும் சொந்தமில்லை, ராகத்துக்கும் சொந்தமில்லை. இந்தப் பாட்டுக்கும் இந்த ராகத்துக்கும் உள்ள உறவுக்குச் சொந்தம். நடு அட்டவணையில் மூன்றாவது கட்டமாக எழுத வேண்டும்: 2 – 12 – 1, 2 – 13 – 2, 2 – 14 – 3.

அதற்கு, நடு அட்டவணையை மென்பொருள் தானே உருவாக்கும்படி விடாமல், நாமே ஒரு வகுப்பாக எழுத வேண்டும். ஜாங்கோவில் இதற்கு ‘த்ரூ’ என்று ஒரு வசதி இருக்கிறது: “பாட்டிலிருந்து ராகத்துக்குப் போக இந்த வகுப்பின் வழியாகப் போ” என்று சொல்லிவிடலாம். அந்த வகுப்புக்கு நல்ல பெயர் வைப்பது முக்கியம். “பாட்டு-ராகம்” என்று வைத்தால் அது வெறும் இணைப்பாகவே நிற்கும். “பகுதி” என்று வைத்துப் பாருங்கள். உடனே யோசனை ஓடும்: இந்தப் பகுதி பல்லவியா, சரணமா? இதன் பின்னால் சிட்டை ஸ்வரம் உண்டா? நடுவில் ஒளிந்துகொண்டிருந்த ஒன்று, தனக்கென்று குணங்கள் உள்ள பொருளாக எழுந்து நிற்கும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. மென்பொருள் தானே செய்த நடு அட்டவணையில் ஒரே ஜோடியை இரண்டு முறை ‘ஆட்’ செய்தாலும் ஒரு வரிதான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது நல்லது. ஆனால் ஒரு ராகமாலிகை ஆரம்பித்த ராகத்துக்கே திரும்பி வந்து முடிந்தால்? அதே பாட்டு, அதே ராகம், இரண்டு வெவ்வேறு இடம். நாமே எழுதிய “பகுதி” வகுப்பில், “பாட்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஜோடி திரும்ப வரக்கூடாது” என்று விதி போட்டால், ராகம் திரும்ப வரலாம், இடம் மட்டும் மோதாது.

ராகத்தை விட்டுவிட்டுக் கச்சேரிக்கு வாருங்கள். ஒரு கச்சேரியில் பல கலைஞர்கள். ஒரு கலைஞருக்குப் பல கச்சேரிகள். இதுவும் பல-பல உறவுதான். யார் பாடுகிறார், யார் வயலின் என்பதை எங்கே எழுதுவது? கலைஞர் அட்டவணையில் “பாடகர்” என்று ஒரு கட்டம் போட்டால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் வாழ்ந்தவர். வாய்ப்பாட்டில் உலகப் புகழ் பெற்றவர். வயோலா என்ற மேல்நாட்டு வாத்தியத்தில் கச்சேரி செய்தவர். வயலின் வாசிப்பார், மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிப்பார். அவருடைய வரியில் எந்த ஒன்றை எழுதுவது? அன்றைய மேடையில் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கும் அந்தக் கச்சேரிக்கும் உள்ள உறவின் தகவல். நடு அட்டவணைக்குப் “பங்கேற்பு” என்று பெயர் வைத்து, அதில் “பங்கு” என்று ஒரு கட்டம் போட்டால் தீர்ந்தது.

பாட்டை உருவாக்கியவர்கள் கதையும் இப்படித்தான். “குறை ஒன்றும் இல்லை”யின் வரிகள் ராஜாஜியுடையவை; மெட்டு அமைத்தவர் கடையநல்லூர் வெங்கட்ராமன். முதலில் நாம் “இயற்றியவர்” என்று ஒரே பத்தி போட்டோமே, அங்கேயும் ஒரு பல-பல உறவு ஒளிந்திருந்தது. கச்சேரிக்கும் பாட்டுக்கும் இடையிலும் ஒன்று உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறைப்படி வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிக்கிறார்களே, அங்கேயும் நடு அட்டவணைக்கு வரிசை எண் வேண்டும்.

ஆகவே என் கட்சி இதுதான்: நிஜ வாழ்க்கைத் தகவலைப் பதியும்போது முதல் நாளிலேயே நடு அட்டவணையை நீங்களே எழுதிவிடுங்கள். உறவுக்குச் சொல்ல ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரும். ஒரு வரியில் வேலை முடிகிறதே என்று மென்பொருளிடம் விட்டுவிட்டுப் பிறகு மாற்றப் போனால், ஜாங்கோ அதை நேராக மாற்ற விடாது. இருக்கும் வரிகளைப் பத்திரமாகப் புதிய அட்டவணைக்கு நகர்த்துவது நம் தலையில் விழும்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நிரல் வேகமாக ஓடுமா, ஆமை மாதிரி நகருமா என்பது இதில் இருக்கிறது.

மகா வைத்தியநாத சிவனின் 72 ராக ராகமாலிகையின் பகுதிகளை வரிசையாக அச்சடிக்கச் சொல்கிறீர்கள். “ஒவ்வொரு பகுதியாக எடு, அதன் ராகத்தின் பெயரை எழுது.” நிரலில் இரண்டே வரி. ஆனால் நிரல் ஓடும்போது ஓ.ஆர்.எம். முதலில் தரவுத்தளத்திடம் போய் 72 பகுதிகளையும் வாங்கி வரும். அவற்றில் ராக எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. முதல் பகுதிக்குப் பெயர் வேண்டும் என்றதும் திரும்பப் போகும். இரண்டாவதற்கு மறுபடி. மூன்றாவதற்கு மறுபடி. மொத்தம் 73 முறை! உங்கள் மடிக்கணினியில் பத்துப் பாட்டு வைத்துப் பார்க்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. சீசன் முழுவதும் நடந்த கச்சேரிகளை ஏற்றிய பிறகு, பக்கம் திறக்கவே நேரமாகும்.

இதற்கு மருந்து எளிது. “பகுதிகளைக் கொண்டுவரும்போதே ராகங்களையும் சேர்த்துக் கொண்டுவா” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்போது இரண்டு அட்டவணைகளையும் பொருத்தி ஒரே கேள்வியில் எல்லாம் வந்துவிடும். ஓ.ஆர்.எம். கேட்கும் கேள்விகளை அப்படியே திரையில் காட்டும் வசதியும் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் எழுதிப் பழகுங்கள். நாம் எழுதிய ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

அழிப்பதிலும் கவனம் வேண்டும். யாரோ தெரியாமல் ராக அட்டவணையிலிருந்து காபியை அழித்துவிட்டால்? நடு அட்டவணையை மென்பொருளிடமே விட்டிருந்தால், காபி சம்பந்தப்பட்ட வரிகளையும் அது சேர்த்து அழித்துவிடும். அதன்பிறகு “குறை ஒன்றும் இல்லை” இரண்டே ராகம் என்று காட்டும். தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது. நாமே எழுதிய வகுப்பில், “ஏதாவது ஒரு பகுதி இந்த ராகத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும்வரை அழிக்க விடாதே” என்று காவல் போடலாம். கண்டிப்பாகப் போடுங்கள்.

இதையெல்லாம் செய்து பார்க்கப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளம் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, இரண்டும் இலவசம். தமிழ்நாட்டு 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான், எஸ்.கியூ.எல்., எஸ்.கியூ.லைட் மூன்றும் இருக்கின்றன. வீட்டில் அண்ணனோ அக்காவோ படித்தால் அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். முதலில் ஓ.ஆர்.எம். இல்லாமல் மூன்று அட்டவணையைக் கையால் செய்து பாருங்கள். பிறகு ஜாங்கோவுக்குப் போங்கள். இந்த வரிசையில் போனவர்களுக்கு நடு அட்டவணை மறக்கவே மறக்காது.

சங்கீதம் பழக்கமில்லை என்றால் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூரிலிருந்து லஸ், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி எத்தனை நிறுத்தங்களில் நிற்கிறது? அடையாறு நிறுத்தத்தில் 29சி தவிர வேறு என்னென்ன எண்கள் வந்து நிற்கின்றன? நிறுத்தத்துக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நின்று எழுதிக்கொண்டு வாருங்கள். தடத்துக்கு ஓர் அட்டவணை, நிறுத்தத்துக்கு ஓர் அட்டவணை, நடுவில் ஒன்று. அந்த நடு அட்டவணையில் என்னென்ன கட்டம் வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: போகும்போது உள்ள வரிசை, திரும்பி வரும்போது இருக்காது.